ஒன்பதாம் நாள் நாடி

"அவனுக்கு ஒழுங்கா மூச்சுவிடவே தெரியலை, அம்மா," என்றார் ஆவுடைநாயகம்.

"இன்னும் உயிரோடதானே இருக்கான்?" என்றார் குரு.

"உயிரோட இருக்கிறது வேற. மூச்சு விடுறது வேற."

குரு முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"அப்படியா அண்ணாச்சி? எனக்கு இது தெரியாமப் போச்சே," என்று ஒரு காம்பைத் தூக்கி எறிந்தார்.

*

குருவின் பெயர் வடிவம்மை. மடத்துக்கு வருமுன் மருத்துவச்சியாக இருந்தவர். ஏறத்தாழ நானூறு பேர் தங்கள் முதல் மூச்சை அவர் கையில்தான் விட்டார்கள். சரியான எண்ணிக்கை அவருக்கே தெரியாது.

ஆவுடைநாயகம் அவருடைய மூத்த சீடர். மடத்தில் சேர்ந்து பதினோரு ஆண்டு முடிந்திருந்தது. வயதிலும் குருவைவிடப் பதினான்கு ஆண்டு மூத்தவர். அதனால் குரு அவரை அண்ணாச்சி என்றே கூப்பிடுவார்.

தன்னைவிட இளைய பெண் ஒருத்தியைக் குருவாக ஏற்றபோது தொண்டையில் ஒன்று சிக்கியது. அதை ஆவுடைநாயகம் விழுங்கிவிட்டார். இப்போது வந்திருப்பது விழுங்க முடியாதது.

அதன் பெயர் வெயிலுமுத்து.

*

வெயிலுமுத்து கிணறு வெட்டுகிறவன். சுவர் சரிந்து அரைநாள் கழுத்தளவு மண்ணில் கிடந்தவன். தூக்கி எடுத்தார்கள். எலும்பு ஒன்றும் முறியவில்லை. ஆனால் அன்றிலிருந்து குடம் உருண்டால் நடுங்கினான், பொழுது சாய்ந்தால் நடுங்கினான். நடுங்குகிறவனைக் கயிற்றில் இறக்க யாரும் துணியவில்லை.

மாசியில் மடத்துக்கு வந்தான். வைகாசிக்குள் நடுக்கம் நின்றுவிட்டது.

ஆவுடைநாயகமும் ஒரு நடுக்கத்தோடுதான் வந்தார். அது வெளியே தெரியாத நடுக்கம். நெஞ்சுக்குள் எந்நேரமும் யாரோ கதவைத் தட்டிக்கொண்டே இருப்பதுபோல. தூக்கம் கிடையாது. சோற்றில் ருசி கிடையாது.

பதினோரு ஆண்டில் அதைப் பற்றிய எல்லாவற்றையும் அவர் கற்றுக்கொண்டார். பத்து வாயுக்களின் பெயர், தொண்ணூற்றாறு தத்துவம், எழுபத்தீராயிரம் நாடி. நடுக்கம் மட்டும் அப்படியே இருந்தது.

*

"பூரகம் பதினாறு, கும்பகம் அறுபத்துநாலு, ரேசகம் முப்பத்திரண்டு," என்று மூச்சை இழுத்து, அடக்கி, விடும் கணக்கை ஒப்பித்தார் ஆவுடைநாயகம். "நாலு மாசமாச் சொல்லிக்குடுக்கேன். எட்டு எண்ணுறதுக்குள்ள கொட்டாவி விடுதான்."

"கொட்டாவி விட்டுட்டு என்ன செய்யுதான்?"

"தூங்கிருதான்."

"நீங்க?"

"நான் எண்ணி முடிச்சிருவேன்."

"முடிச்சுட்டுத் தூங்குவீங்களா?"

ஆவுடைநாயகம் கீரையைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, இப்ப உங்களுக்கு எந்த மூக்குல மூச்சு ஓடுது?"

இது அவருக்குப் பிடித்தமான பகுதி. நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வெள்ளி, திங்கள், புதன் இடது. இன்னைக்கு வெள்ளிக்கிழமை. ஆகவே இடது."

"நான் கிழமையைக் கேக்கலை," என்றார் குரு.

*

மடத்துக்குப் பின்னால் மலை. மலையில் ஒரு குகை. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குரு ஒரே ஒரு சீடரை அழைத்துக்கொண்டு அங்கே போவார். நாற்பத்தெட்டு நாள் இருப்பார்கள்.

அங்கே என்ன நடக்கும் என்று போய்வந்தவர்கள் சொன்னதில்லை. போகாதவர்கள் நிறையச் சொல்லியிருக்கிறார்கள்.

குகை ஈரமானது. ஒருவேளைக் கஞ்சிதான். கலங்கிய உடம்பு அங்கே தாங்காது. முந்தைய குருவின் காலத்தில் ஒருவர் திரும்பி வரவில்லை. அதன் பிறகு மடத்தில் ஒரு வழக்கம் வந்தது.

போகிறவரின் நாடியை, உடன் கற்கும் ஒருவர் ஒன்பது விடியலில் பார்க்க வேண்டும். குரு பார்க்கக் கூடாது. குருவுக்குப் பிரியம் இருக்கும். பிரியம் கண்ணை மறைக்கும். ஒன்பதாம் நாள், பார்த்தவர் போகலாம் என்றால் போகலாம். வேண்டாம் என்றால் அடுத்த மூத்தவர் போவார். மறுபேச்சு கிடையாது.

பொறாமை கண்ணை மறைக்காதா என்று வழக்கத்தை உண்டாக்கியவர்கள் யோசிக்கவில்லை போலும். அல்லது நன்றாகவே யோசித்திருக்கலாம்.

இது பன்னிரண்டாம் ஆண்டு. ஆவுடைநாயகத்துக்கு அறுபத்திரண்டு வயது. அடுத்த முறை எழுபத்துநாலு. இந்தக் கூட்டலை அவர் பலமுறை போட்டிருந்தார். ஒவ்வொரு முறையும் எழுபத்துநாலுதான் வந்தது.

*

அன்று மாலை பந்தியில் குரு சொன்னார்.

"இந்தத் தடவை வெயிலுமுத்து வரட்டும்."

இருபது இலைகளில் இருபது கைகள் நின்றன. வெயிலுமுத்துவின் கை மட்டும் நிற்கவில்லை. அவன் அப்பளம் நொறுக்கிக்கொண்டிருந்தான்.

"எங்கம்மா?" என்றான்.

"குகைக்கு."

"அங்க கிணறு இருக்கா?"

குரு சிரித்தார்.

ஆவுடைநாயகம் அந்தச் சிரிப்பைக் கேட்டார். அவர் சொன்ன விளக்கங்களுக்குக் குரு எத்தனையோ முறை தலையாட்டியிருக்கிறார். ஒருமுறைகூடச் சிரித்ததில்லை.

"நாடி யாரு பாக்கிறது அம்மா?" என்று யாரோ கேட்டார்கள்.

"அண்ணாச்சிதான். நாடி நூல் அவங்க அளவுக்குப் படிச்சவங்க இங்க யாரு இருக்கா?"

அது உண்மை. ஆவுடைநாயகம் வாயிலிருந்ததை விழுங்கினார். அது சோறா, அப்பளமா என்று அவருக்குத் தெரியவில்லை.

*

கை கழுவிவிட்டு நேரே குருவிடம் போனார்.

"எனக்கு அவன்மேல வருத்தம் ஒண்ணும் இல்லை, அம்மா."

"நான் கேக்கலையே."

"பொறாமையும் இல்லை."

"நல்லது. ஒருவேளை இருந்தா, எங்க இருக்கும்?"

"இராகம் எட்டுல ஆறாவது. மாற்சரியம்னு பேரு."

"பேரு இருக்கட்டும். உடம்புல எங்க இருக்கும்?"

"அந்தக்கரணம் நாலுல, சிலர் மனசும்பாங்க. அகங்காரம்னு சொல்றவங்களும் உண்டு. இதுல ரெண்டு கட்சி..."

"விடிஞ்சதும் போய் நாடி பாருங்க, அண்ணாச்சி."

*

முதல் நாள்.

கிணற்றடியில் உட்கார்ந்து வெயிலுமுத்து வலது கையை நீட்டினான். ஆயிரம் கூடை மண் தூக்கிய கை. ஆவுடைநாயகம் தொட்டதும் அவன் திடுக்கிட்டான்.

"ஐயா, உங்க கை என்ன இப்படிச் சில்லுன்னு கிடக்கு?"

"பேசாத. நாடி மாறிரும்."

"மாறட்டுமே. திரும்ப வரும்லா?"

ஆள்காட்டி விரல் வாதத்துக்கு, நடுவிரல் பித்தத்துக்கு, மோதிரவிரல் கபத்துக்கு. நூலில் உள்ளபடி மூன்றையும் மணிக்கட்டில் வைத்தார். வாதம் அன்னம்போல நடக்கும், பித்தம் ஆமைபோல ஊரும், கபம் தவளைபோலத் தாவும். இதுவும் நூலில் உண்டு.

விரலுக்கு அடியில் நூலில் இல்லாத ஒன்று இருந்தது. ஒரு யானை ஆற்றுக்குக் குளிக்கப் போய்க்கொண்டிருந்தது. அதற்கு அவசரம் எதுவும் இல்லை.

வெயிலுமுத்து கொட்டாவி விட்டான்.

"எப்படி இருக்குய்யா?"

"சொல்லக் கூடாது. ஒன்பதாம் நாள்தான்."

*

இரண்டாம் நாளும் யானை.

மூன்றாம் நாள் யானை வழியில் நின்று ஒரு கிளையை ஒடித்துத் தின்றது.

"ஏம்டே," என்றார் ஆவுடைநாயகம். "நீ வந்தப்ப அப்படி நடுங்குவியே. எந்த மூச்சைப் பிடிச்சு அதை நிறுத்தினே?"

"நான் எங்கய்யா நிறுத்தினேன்? அம்மாதான் சொன்னாவ, நடுக்கம் வந்தா தொழுவத்துல போய் பசுமேல சாஞ்சு உக்காரு, ஆடணும்னா ஆடட்டும்னு. போய் உக்காருவேன். காலு ரெண்டும் தன்னால ஆடும். பல்லு கிடுகிடுங்கும். பசு ஒருக்கா திரும்பிப் பாக்கும். பெறவு அது பாட்டுக்கு அசை போடும்."

"நீ என்ன செய்வே?"

"நான் என்ன செய்ய? அது வயிறு ஏறி இறங்கும். எனக்கு முதுகுல தெரியும். அப்படியே கிடப்பேன். ஒரு நேரத்துல ஆட்டம் நின்னுரும். அழுகை வரும். பெறவு பசிக்கும்."

"அவ்வளவுதானா?"

"பசிச்சா சாப்பிடுவேன்யா."

*

ஆவுடைநாயகம் ஓடாத குறையாகக் குருவிடம் போனார்.

"எனக்கு மட்டும் ஏன் பசுவைச் சொல்லலை?"

"சொன்னேனே அண்ணாச்சி. நீங்க வந்த முதல் வாரமே சொன்னேன்."

"சொல்லலை."

"சொன்னேன். நீங்க அதுக்கு உரை எழுதிக்கொண்டு வந்து குடுத்தீங்க. நாற்பது ஏடு."

ஆவுடைநாயகத்துக்கு நினைவு வந்தது. நல்ல உரைதான் அது.

அன்று மாலையே தொழுவத்துக்குப் போனார். பசு அவரை மேலும் கீழும் பார்த்தது. சாய்ந்தார். எவ்வளவு நேரம் சாய வேண்டும் என்று வெயிலுமுத்து சொல்லவில்லையே என்று யோசித்தார். அவன் எந்தப் பக்கம் சாய்ந்திருப்பான் என்று யோசித்தார். பசு ஓரடி நகர்ந்துகொண்டது.

அவன் சாய்ந்தபோது அது நகர்ந்திருக்காது என்று தோன்றியது. அன்றுமுதல் அவருக்குப் பசுவோடும் மனத்தாங்கல்.

*

நான்காம் நாள் யானை.

ஐந்தாம் நாள் தூங்காத கண்ணோடு வந்தார். மூன்று விரலை வைத்தார். அதே யானை, அதே நடை.

இது மேலோட்டமான நாடி என்று அவருக்குப் பட்டது. அடியில் வேறொன்று இருக்க வேண்டும். மண்ணில் புதைந்து கிடந்தவனுக்கு இப்படி ஒரு நாடி எப்படி இருக்க முடியும்? இருக்கக் கூடாது.

மூன்று விரலையும் எடுத்தார். பெருவிரலை வைத்து அழுத்தினார்.

தவளை.

எடுத்துவிட்டு மீண்டும் வைத்தார். தவளைதான். அன்னம் நடக்க வேண்டிய இடத்தில் தவளை. ஆமை ஊர வேண்டிய இடத்திலும் தவளை. இன்னும் அழுத்தினார். மழைக்காலக் குட்டை முழுவதும் அவர் பெருவிரலுக்கு அடியில் துள்ளியது.

"ஐயா, வலிக்குது."

"வலிக்கத்தான் செய்யும்ப்பா," என்றார் ஆவுடைநாயகம்.

நாலு மாதத்தில் அவர் குரலில் கனிவு வந்தது அப்போதுதான்.

*

ஆறாம் நாள் தவளை. ஏழாம் நாள் அதிகத் தவளை. அவருக்கு மகிழ்ச்சி கூடக் கூட அவையும் கூடின.

அவர் பொய் சொல்லவில்லை. இதைக் கவனிக்க வேண்டும். பொய் சொல்கிறவனுக்கு இவ்வளவு மகிழ்ச்சி கிடைக்காது. பெருவிரல் கண்டதை அப்படியே ஓலையில் எழுதினார்: மேலே யானை, உள்ளே தவளை, முன்னோர் எவரும் குறிப்பிடாத நாடி. அதற்கு மறைநாடி என்று பெயரும் சூட்டினார்.

குகைக்கு எடுத்துப்போக ஒரு கம்பளியை வெயிலில் காயப்போட்டார்.

எட்டாம் நாள் வெயிலுமுத்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்கு ஏதும் சீக்காய்யா?"

"ஏன் கேக்கே?"

"உங்க மூஞ்சி சிரிக்குது."

"நாளைக்குச் சொல்லுதேன்."

*

ஒன்பதாம் நாள் எல்லாரும் அடுக்களை முற்றத்தில் கூடினார்கள். குரு அரிவாள்மனைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு பூசணிக்காய். தீர்ப்பு நாளானாலும் குழம்பு வைத்தாக வேண்டும்.

"சொல்லுங்க, அண்ணாச்சி."

ஆவுடைநாயகம் ஓலையை விரித்தார்.

"போகக் கூடாது."

ஓலையைப் பார்த்தே தொடர்ந்தார்.

"பார்வைக்கு நாடி நல்லாத்தான் இருக்கு. ஆனா உள்ள மறைநாடி ஒண்ணு ஓடுது. வாதம், பித்தம், கபம் மூணும் தவளையாத் துள்ளுது. நாளுக்கு நாள் கூடுது. இந்த உடம்போட குகைக்குப் போனா பத்து நாள் தாங்காது. பொறாமையால சொல்லலை."

"யாரு அப்படிச் சொன்னா?" என்றார் குரு.

யாரும் சொல்லவில்லை.

"நான் செத்துருவேனாய்யா?" என்றான் வெயிலுமுத்து.

அவன் ஆவுடைநாயகத்தை முழுக்க நம்பினான். ஐயா படித்தவர். ஒன்பது நாள் விடியுமுன் எழுந்து வந்தவர். அவன் வாய் கோணியது. வலது முழங்கால் ஆடத் தொடங்கியது. பிறகு இடது. பிறகு கை. வைகாசிக்குப் பிறகு முதல்முறையாக வெயிலுமுத்து நடுங்கினான்.

அதைப் பார்க்க வேண்டும் என்று ஆவுடைநாயகம் உள்ளுக்குள் ஆசைப்பட்டிருந்தார். இப்போது பார்த்தார். ஆசைப்பட்ட மாதிரி இல்லை அது.

வெயிலுமுத்து தூணில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தான். ஒருவர் அவனைப் பிடிக்கப் போனார்.

"ஆடட்டும், விடுங்க," என்றார் குரு. பிறகு திரும்பினார். "அண்ணாச்சி, அந்த மறைநாடியை எப்படிப் பாத்தீங்க? எனக்கும் காட்டுங்க."

"அவன் கையிலயா?"

"அவன் கை ஆடுது. இதுல காட்டுங்க."

பூசணிக்காயை அவர்பக்கம் உருட்டிவிட்டார்.

*

"இது பூசணிக்காய், அம்மா."

"தெரியும். வெட்டப் போறது நான்தான்."

"இதுக்கு நாடி கிடையாது."

"இல்லாட்டி என்ன? எங்க தொட்டீங்க, எப்படி அழுத்தினீங்க, அதைக் காட்டினாப் போதும்."

ஆவுடைநாயகம் குந்தி உட்கார்ந்தார். காம்புக்குப் பக்கத்தில் பெருவிரலை வைத்தார். "இப்படி வச்சு, நல்லா அழுத்தி..." என்றவர் பேச்சை நிறுத்தினார்.

விரலை எடுத்தார். வேட்டியில் துடைத்தார். மறுபடியும் வைத்தார்.

"என்ன அண்ணாச்சி?"

"அடிக்குது."

"எது?"

"தவளை."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். குரு பார்த்தார். சிரிப்பு நின்றது.

வெயிலுமுத்து ஆடிக்கொண்டே தவழ்ந்து வந்து பூசணிக்காயில் காதை வைத்தான்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலையேய்யா. உள்ள புழு எதுவும் இருக்குமோ?"

ஆவுடைநாயகம் பூசணிக்காயிலிருந்து கையை எடுத்தார். பெருவிரலைத் தரைக் கல்லில் வைத்து அழுத்தினார். தவளை. தூணில் வைத்தார். தவளை. தன் ஓலைக்கட்டின்மேல் வைத்தார். மறைநாடி என்று எழுதியிருந்த இடத்தில் அதே தவளை துள்ளியது.

விரலைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்தார். துள்ளியது அவருடைய சொந்த நாடி. அறுபத்திரண்டு ஆண்டாக அது அந்த விரலில்தான் இருந்திருக்கிறது.

*

"இவ்வளவு வேகமா?" என்றார் கடைசியில். யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை. "இப்படியா ஓடிக்கிட்டு இருக்கு?"

"எத்தனை நாளா?" என்றார் குரு.

"தெரியலையே அம்மா."

அவருடைய இடது கை தானாகவே விலாவுக்குக் கீழே போய் நின்றது.

"இங்க எரியுது," என்றார். கொஞ்சம் பொறுத்து, "நீங்க அவனைப் பாத்துச் சிரிச்சீங்களே, அன்னைக்கும் எரிஞ்சுது. அதுக்கு முன்னாலயும் எரிஞ்சிருக்கும். பாக்கலை," என்றார்.



வெயிலுமுத்துவின் கால் நின்றது. அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டான். நீளமாக ஒரு கொட்டாவி விட்டான். அதைப் பார்த்து, ஆவுடைநாயகத்துக்கும் ஒரு கொட்டாவி வந்தது. வாயை மூடப் பார்த்தார். முடியவில்லை.

"அண்ணாச்சி, வழக்கப்படி தீர்ப்பு இன்னும் உங்ககிட்டதான் இருக்கு," என்றார் குரு. "அவன் போகலைன்னா நீங்கதான்."

கம்பளி கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. எல்லாரும் அதைப் பார்த்தார்கள், பார்க்காததுபோல் இருந்தார்கள்.

"கையைக் குடுடே," என்றார் ஆவுடைநாயகம்.

வெயிலுமுத்து கையை நீட்டினான். ஆவுடைநாயகம் மூன்று விரலை வைத்தார். அழுத்தவில்லை. நெடுநேரம் காத்திருந்தார். முதலில் கொஞ்சம் ஓட்டம் இருந்தது. பிறகு யானை வந்தது.

"சாவு இல்லையேய்யா?" என்றான் வெயிலுமுத்து.

"இல்லை. உனக்கு ஒண்ணும் இல்லை." அவர் குருவைப் பார்த்தார். "போகலாம்."

சொல்லும்போது வலித்தது. எங்கே என்று இப்போது தெரிந்தது.

குரு தலையாட்டினார். அரிவாள்மனையை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"சரி. அதை இங்க தள்ளுங்க. குழம்புக்கு நேரமாச்சு."

ஆவுடைநாயகத்தின் பெருவிரல் மறுபடி பூசணிக்காய்மேல் இருந்தது. கண் மூடியிருந்தது.

"கொஞ்சம் பொறுங்க, அம்மா," என்றார். "இப்பதான் நடக்க ஆரம்பிக்குது."